பின் கதவுக்கு ஸ்பீக்கர் இழுக்கப் போகிறீர்களா?

காரில் பாட்டு எடுபடவில்லை என்று யாரிடமாவது சொன்னால் உடனே வரும் பதில், "இன்னும் ரெண்டு ஸ்பீக்கர் போட்டுருங்க" என்பதுதான். போடலாம், தப்பே இல்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தால் நீங்களே முடித்துவிடக்கூடிய வேலைதான். ஆனால் அந்த இரண்டு ஸ்பீக்கருக்கும் வயரை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில் கோட்டை விட்டால், ஸ்பீக்கர் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் பிரயோஜனமில்லை. சில சமயம் செட்டே, அதாவது டேஷ்போர்டில் இருக்கிற ஸ்டீரியோவே, போய்விடும். அதனால் எந்த பிராண்டு வாங்கலாம் என்ற பேச்சைத் தள்ளி வைத்துவிட்டு, செட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

இங்கே எடுத்துக்கொள்வது ரொம்பச் சாதாரணமான நிலைமை. சின்ன ஹேட்ச்பேக், முன் கதவுகளில் மட்டும் ஒரு ஜோடி ஸ்பீக்கர். பின் கதவு பேடில் (கதவின் உள்பக்க மூடி) சல்லடை மாதிரி ஓட்டைகள் இருக்கும், உள்ளே ஸ்பீக்கர் இருக்காது. மேல் வேரியன்ட் வாங்கினவர்களுக்கு அங்கே ஸ்பீக்கர் உண்டு, நமக்கு வெறும் இடம் மட்டும் கொடுத்திருக்கிறார்கள். அந்த இடத்தை நிரப்புவதுதான் வேலை.

முதலில் சேனலை எண்ணுங்கள்

இன்றைக்கு வெளியில் விற்கிற கார் ஸ்டீரியோ பெரும்பாலும் நான்கு சேனல். முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது என்று ஒவ்வொன்றுக்கும் பிளஸ் ஒன்று, மைனஸ் ஒன்று, ஆக எட்டு ஸ்பீக்கர் வயர். வெளிச் செட்டுகளில் இதற்கு ஏறக்குறைய எல்லோரும் பின்பற்றும் கலர் முறை ஒன்று உண்டு: வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. வெறும் கலர் என்றால் பிளஸ், அதே கலரில் கறுப்புக் கோடு ஓடினால் மைனஸ். இதோடு மஞ்சள் நேராக பேட்டரி, சிவப்பு சாவி போட்டால் வருகிற கரன்ட், கறுப்பு எர்த் (வண்டியின் தகர பாடி), நீலத்தில் வெள்ளைக் கோடு ஓடினால் ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்கிற ரிமோட் வயர்.

இந்தக் கலர் கணக்கு செட்டோடு வருகிற வயருக்கு மட்டும்தான். காருக்குள் கம்பெனி ஓட்டியிருக்கும் வயருக்கு இது பொருந்தாது, ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தோன்றின கலரைப் போட்டிருக்கும். அங்கே கலரைப் பார்த்து முடிவு செய்யவே கூடாது, மல்டிமீட்டர் (வோல்ட்டும் ஓமும் அளக்கிற கருவி) வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கம்பெனி செட்டே இருக்கிறது, மாற்றப் போவதில்லை என்றால், மெனுவில் போய் ஃபேடர் இருக்கிறதா என்று பாருங்கள். சத்தத்தை முன்னும் பின்னும் தள்ளுகிற வசதி அது. இருந்தால் உள்ளே நான்கு சேனல் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, கப்ளரில் (வயர்களைச் சொருகி இணைக்கிற பிளாஸ்டிக் துண்டு) பின்பக்க ஸ்பீக்கருக்கான உலோக ஊசி மட்டும் விட்டுப்போயிருக்கலாம். இன்னொரு அதிர்ஷ்டமும் உண்டு: சில கார்களில் வயரிங்கை எல்லா வேரியன்ட்டுக்கும் ஒன்றாகவே ஓட்டிவிட்டு ஸ்பீக்கரை மட்டும் வைக்காமல் விட்டிருப்பார்கள். பின் கதவு பேடைக் கழற்றினால் உள்ளே ஒரு கப்ளர் டேப் சுற்றித் தொங்கும். அப்படித் தொங்கினால் உங்களுக்கு வேலை முக்கால்வாசி முடிந்தது, கீழே வயர் இழுக்கிற பகுதியை விட்டுவிட்டு மேற்கொண்டு போகலாம். ஆகவே ஒரு மீட்டர் வயர்கூட வாங்குவதற்கு முன்னால் பின் கதவு பேடை ஒரு தடவை கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

ஏன் முன் ஸ்பீக்கரிலிருந்தே ஜாயின்ட் எடுக்கக் கூடாது

சுருக்கு வழி என்று பலரும் செய்வது இதுதான். முன் கதவு ஸ்பீக்கருக்குப் போகிற வயரிலேயே கீறி, அங்கிருந்து பின்னுக்கு ஒரு ஜோடி இழுத்துவிடுவது. அன்றைக்குப் பாடும். சத்தம்கூட கூடின மாதிரி இருக்கும்.

நடப்பது என்னவென்றால், கார் ஸ்பீக்கர் பொதுவாக 4 ஓம் (கரன்ட்டுக்கு அது காட்டுகிற தடை). இரண்டை இப்படி ஒரே ஜோடி வயரில் பக்கத்துப் பக்கத்தில், அதாவது பேரலலாகப் போட்டால் மொத்தம் 2 ஓம் ஆகிவிடும். பெரும்பாலான செட்டுக்கு 4 ஓம்தான் குறைந்தபட்ச எல்லை, செட்டின் புத்தகத்திலோ மேல் ஸ்டிக்கரிலோ போட்டிருக்கும். 2 ஓமில் கரன்ட் இரண்டு மடங்கு இழுக்கும், உள்ளே இருக்கிற ஆம்ப் சிப் சூடேறும், சித்திரை வெயிலில் நிறுத்தி எடுத்த காரில் வால்யூமைக் கூட்டினதும் சத்தம் விட்டு விட்டு வரும் அல்லது சுத்தமாக நின்றுவிடும். சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நிற்கிறது. ஒவ்வொரு தடவையும் காப்பாற்றிக்கொள்ளும் என்று சொல்ல முடியாது.

சரி, சீரிஸாக, அதாவது ஒன்றன் வழியாக இன்னொன்றுக்குக் கரன்ட் போகிற மாதிரி போட்டால்? 8 ஓம் ஆகும், செட்டுக்கு ஆபத்தில்லை. ஆனால் வோல்டேஜ் அதேதான் என்பதால் பவர் பாதியாகும், அந்தப் பாதியை இரண்டு ஸ்பீக்கர் பங்கு போட்டுக்கொள்ளும். 20 வாட்ஸ் வாங்கிக்கொண்டிருந்த முன் ஸ்பீக்கர் 5 வாட்ஸுக்கு இறங்கிவிடும். காசு போட்டுச் சத்தத்தைக் குறைத்துக்கொள்கிற வேலை.

இங்கே ஒரு சின்னக் கணக்கு, செட் அட்டையில் "50 வாட்ஸ் x 4" என்று போட்டிருப்பதை நம்புகிறவர்களுக்காக. வண்டி ஓடும்போது பேட்டரி லைனில் அதிகபட்சம் சுமார் 14.4 வோல்ட். செட்டுக்குள் இருக்கும் சிப் அந்த வோல்டேஜை வைத்துத்தான் ஸ்பீக்கரை ஆட்ட முடியும். 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி, 4 ஓமின் இரட்டிப்பான 8-ஆல் வகுத்தால் 26 வாட்ஸ் வரும். சத்தம் உடையாமல் அதற்கு மேல் கிடைக்க வழியே இல்லை. கார் ஸ்டீரியோக்களில் காலங்காலமாக இருந்த டிடிஏ7388 என்ற சிப்பின் டேட்டாஷீட்டைப் பார்த்தால் மேக்ஸ் 45 வாட்ஸ் என்று ஒரு வரி, அடுத்து 14.4 வோல்ட்டில் 10 சதவீத டிஸ்டார்ஷனோடு (சத்தத்தின் உடைவு) 26 வாட்ஸ் என்று ஒரு வரி இருக்கும். அட்டையில் ஏறுவது முதல் வரி. காதுக்குச் சுத்தமாக வருவது சேனலுக்கு 20-க்குள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் "300 வாட்ஸ்" என்று எழுதின ஸ்பீக்கரைத் தேடி அலைய வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது சென்சிடிவிட்டி, அதாவது ஸ்பீக்கர் அட்டையில் டெசிபலில் போட்டிருக்கும் எண். 89 இருக்கிற ஸ்பீக்கருக்குப் பதில் 92 இருக்கிறதைப் போட்டால், செட்டின் பவரை இரண்டு மடங்கு ஆக்கினதற்குச் சமம். தனி ஆம்ப் இல்லாமல் ஓட்டப் போகிறவர்கள் 90-க்கு மேல் இருக்கிறதாகப் பார்த்து எடுங்கள்.

பேரலல் கூடாது என்றதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு ட்வீட்டர், அதாவது மெல்லிய கீச்சுச் சத்தத்துக்கு மட்டுமான சின்ன ஸ்பீக்கர். தனியாக விற்கிற ட்வீட்டரின் வயரில் சின்ன கெபாசிட்டர் ஒன்று இருக்கும், 4.7 மைக்ரோஃபாரட் என்றால் 4 ஓம் ட்வீட்டருக்கு சுமார் 8,500 ஹெர்ட்ஸுக்குக் கீழே வருவதை அது தடுத்துவிடும். பேஸும் குரலும் அந்தப் பக்கம் போகாததால் செட்டுக்குப் பாரம் ஏறாது. அதனால் முன் கதவு ஸ்பீக்கர் வயரிலேயே ட்வீட்டரைச் சேர்த்துக்கொள்ளலாம். கெபாசிட்டரை மட்டும் வெட்டி எறிந்துவிடாதீர்கள்.

மைனஸ் வேறு, எர்த் வேறு

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பழைய கேசட் பிளேயர் காலத்துப் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அந்தக் காலத்துச் செட்டுகள் பலவற்றில் ஸ்பீக்கர் மைனஸை வண்டி பாடியிலேயே பிடித்துவிடலாம், ஒரு வயர் மிச்சம். இப்போதைய செட்டில் அப்படிச் செய்தால் அதோடு சரி. பிளஸ், மைனஸ் இரண்டு வயரையுமே ஆம்ப் ஆட்டுகிறது. செட்டை ஆன் செய்துவிட்டு ஸ்பீக்கர் மைனஸுக்கும் பாடிக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தால் சுமார் 6 வோல்ட் காட்டும். அதை பாடியில் தொட்டால் ஷார்ட். இரண்டு ஸ்பீக்கரின் மைனஸையும் ஒன்றாக முறுக்கி ஒரே வயரில் கொண்டுவருவதும் கூடாது. ஒரு ஸ்பீக்கருக்கு ஒரு ஜோடி, செட் வரைக்கும் தனியாக வர வேண்டும்.

என்னென்ன வாங்க வேண்டும்

சென்னையில் இருப்பவர்களுக்கு ஸ்பீக்கர், அடாப்டர் ரிங், கப்ளருக்கு பேட்டர்ஸ் ரோடு. சால்டரிங், ஹீட் ஷ்ரிங்க் (சூடு பட்டால் சுருங்கி வயரைப் பிடிக்கிற குழாய்), மல்டிமீட்டருக்கு ரிச்சி ஸ்ட்ரீட். மற்ற ஊர்களில் கார் அக்சசரீஸ் கடையும் எலக்ட்ரானிக்ஸ் கடையும் போதும்.

வயர் 1 சதுர மி.மீ. கனத்தில் இரட்டை ஸ்பீக்கர் வயர், மெல்லிய இழைகள் நிறைய இருக்கிறதாக. வீட்டு வயரிங்கில் மிச்சமான ஒற்றைக் கம்பி வயரைக் கொண்டுவராதீர்கள், கதவு திறந்து மூடும் இடத்தில் கொஞ்ச நாளில் ஒடிந்துபோகும். சின்ன காரில் டேஷ்போர்டிலிருந்து பின் கதவுக்கு ஒரு பக்கத்துக்கு 4, 5 மீட்டர் ஆகும், மொத்தம் 10 மீட்டர் வாங்கினால் போதும். 5 மீட்டர் ஓட்டத்தில் போகவர சேர்த்து இழப்பு 0.17 ஓம் அளவுதான், 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இதற்கு மேல் தடிமனாக வாங்கினால் கதவு ரப்பருக்குள் நுழைக்கும்போது நீங்கள்தான் கஷ்டப்படுவீர்கள். கடைக்காரர் காப்பர் என்று கொடுப்பது சில சமயம் அலுமினியத்துக்குக் காப்பர் பூச்சு போட்டதாக இருக்கும். நுனியில் ஒரு இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அதுதான் இது. பாடும், ஆனால் சீக்கிரம் ஒடியும்.

ஸ்பீக்கர் அளவு பெரும்பாலும் ஆறரை இன்ச், சில பின் கதவுகளில் 5 இன்ச். வாய் அளவைவிட ஆழம்தான் முக்கியம். கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, ஸ்பீக்கர் உட்காரும் தகரத்திலிருந்து கண்ணாடி வரைக்கும் எவ்வளவு இடம் என்று ஸ்கேல் வைத்து அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். பின்பக்க மேக்னட் கண்ணாடியில் இடித்தால் அடாப்டர் ரிங் வைத்துக் கொஞ்சம் வெளியே கொண்டுவரலாம், ஆனால் ரொம்ப வெளியே வந்தால் பேடில் இடிக்கும். ரிங் பிளாஸ்டிக்கில் இருக்கட்டும். எம்டிஎஃப் பலகையில் வெட்டின ரிங் ஒரு மழைக்காலத்தில் உப்பிவிடும். பின் கதவுக்குக் கோஆக்சியல் ஸ்பீக்கர் (ட்வீட்டர் நடுவிலேயே சேர்ந்து வருவது) போதும், ட்வீட்டர் தனி, சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கிற கிராஸ்ஓவர் தனி என்று வருகிற காம்பொனென்ட் செட் வாங்கினால் அதை முன்னால் போடுங்கள், முன்னால் இருந்ததைப் பின்னுக்குக் கொண்டுபோங்கள்.

இதோடு பேட் கழற்றுகிற பிளாஸ்டிக் பட்டை, உபரியாகக் கொஞ்சம் பேட் கிளிப், துணி டேப், கேபிள் டை. முக்கியமாக உங்கள் மாடலுக்கான கப்ளர். வெளிச் செட்டுக்கும் கம்பெனி கப்ளருக்கும் நடுவே மாட்டுகிற "கப்ளர் டு கப்ளர்" வயர் செட் பெரும்பாலான மாடல்களுக்குக் கிடைக்கிறது. வாரன்ட்டி ஓடிக்கொண்டிருக்கிற வண்டியில் கம்பெனி வயரை வெட்டினால் பிற்பாடு எந்த எலக்ட்ரிகல் கோளாறுக்கும் சர்வீஸ் சென்டர் அந்த வெட்டைத்தான் காட்டும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

பேடைக் கழற்றுவது

ஆழம் அளந்தாயிற்று என்றால் கண்ணாடியை ஏற்றிவிட்டு, பேட்டரி மைனஸை 10-ஆம் நம்பர் ஸ்பேனரால் கழற்றி ஓரமாக வையுங்கள். சில கம்பெனி செட் பேட்டரி எடுத்தால் கோட் கேட்கும், அது கையில் இருக்கிறதா என்று முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கழற்றின பிறகு ஒரு பத்து நிமிஷம் சும்மா இருங்கள், ஏர்பேக் சிஸ்டத்தில் தேங்கின கரன்ட் இறங்கட்டும். வேலை நடக்கும்போது மஞ்சள் கலர் கப்ளரோ மஞ்சள் டேப் சுற்றின வயரோ கண்ணில் பட்டால் அது ஏர்பேக் அல்லது சீட் பெல்ட் டென்ஷனர் வயர். அதைக் கழற்றுவதோ, அதோடு சேர்த்து நம் வயரைக் கட்டுவதோ, அதில் மல்டிமீட்டர் வைப்பதோ கூடவே கூடாது.

பின் கதவு பேடில் ஸ்க்ரூ இரண்டு மூன்றுதான் இருக்கும், ஆனால் ஒளித்து வைத்திருப்பார்கள். ஒன்று கதவை இழுக்கிற கைப்பிடிக் குழியில், மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். இன்னொன்று உள் லாக் கைப்பிடிக்குப் பின்னால். கையால் சுற்றுகிற கண்ணாடி என்றால் அந்தச் சுற்றுக் கைப்பிடிக்கு ஸ்க்ரூவே இருக்காது, பின்னால் லாடம் மாதிரி வளைந்த கம்பி கிளிப் ஒன்று பிடித்துக்கொண்டிருக்கும். கைப்பிடிக்கும் பேடுக்கும் நடுவே ஒரு பழைய பனியன் துணியை நுழைத்து, இரண்டு முனையையும் பிடித்து இப்படியும் அப்படியும் இழுத்தால் கிளிப் துள்ளி வெளியே வரும். எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் திரும்ப மாட்ட முடியாது.

ஸ்க்ரூ எல்லாம் வந்ததும் பேடின் கீழ் மூலையில் பிளாஸ்டிக் பட்டையை விட்டு நெம்புங்கள். டப் டப் என்று கிளிப்கள் வரிசையாக விடும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பெயின்ட் போகும். ஓரங்கள் மூன்றும் விட்டதும் பேடை நேராக உங்கள் பக்கம் இழுக்காமல் மேல்நோக்கித் தூக்குங்கள், கண்ணாடி ஓரத்தில் கொக்கி போட்டிருக்கும். தூக்கினதும் பேட் கையோடு வராது, பின்னால் பவர் விண்டோ கப்ளரும் லாக் கேபிளும் பிடித்துக்கொண்டிருக்கும். அவை எப்படி மாட்டியிருக்கின்றன என்று ஒரு போட்டோ எடுத்துவிட்டுக் கழற்றுங்கள்.

உள்ளே தகரத்தின் மேல் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைக் கறுப்புப் பசையால் ஒட்டியிருப்பார்கள். இது தூசிக்கு வைத்தது என்று நினைத்துக் கிழித்து எறிகிறவர்கள் உண்டு. மழை பெய்தால் கண்ணாடி ஓரமாகத் தண்ணீர் கதவுக்குள் இறங்கும், இறங்கத்தான் செய்யும், கீழே இருக்கிற ஓட்டை வழியாக வெளியே போகும். அந்தத் தண்ணீர் வண்டிக்குள் வராமல் தடுப்பது இந்த ஷீட்தான். அதைக் கிழித்துவிட்டு ஐப்பசி கார்த்திகையில் கால் மேட்டுக்கு (தரை விரிப்பு) அடியில் தண்ணீர் ஊறி நாற்றம் அடிக்கும்போது எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. பிளேடால் பசையைப் பொறுமையாக விடுவித்து ஓரமாகத் திருப்பி வையுங்கள், முடிந்ததும் அதே பசையிலேயே அழுத்தி ஒட்டிவிடலாம்.

வயரைக் கொண்டுபோவது

உண்மையான வேலை இதுதான், பாதி நேரம் இதற்கே போகும். பாதை இப்படி: செட்டுக்குப் பின்னாலிருந்து டேஷ்போர்டுக்குள் இறங்கி, முன் சீட்டுக்காரர் கால் பக்கவாட்டில் இருக்கிற பிளாஸ்டிக்குக்குள் வந்து, அங்கிருந்து கதவுப் படி ஓர பிளாஸ்டிக்குக்கு அடியில் ஓடி, நடுத் தூணின் அடிப்பகுதிக்கு வந்து, அங்கே தூணுக்கும் பின் கதவுக்கும் நடுவே இருக்கிற மடிப்பு மடிப்பான ரப்பர் குழாய் வழியாகக் கதவுக்குள். படி ஓர பிளாஸ்டிக் கையாலேயே தூக்கினால் வந்துவிடும், கம்பெனி வயர் கட்டு ஏற்கெனவே அங்கே ஓடிக்கொண்டிருக்கும், அதோடு சேர்த்து வைத்துக் கட்டிவிடலாம். டிரைவர் பக்கம் போகிற வயர் பெடல் பக்கம் தொங்கவே கூடாது, ஓர் அடிக்கு ஒரு கேபிள் டை போடுங்கள்.

ரப்பர் குழாய்தான் படுத்தும். முதலில் அதைத் தூண் பக்கம் விடுவித்துப் பாருங்கள். வெறும் ஓட்டை வழியாக வயர் கட்டு போகிறதென்றால் நல்லது. பழைய சைக்கிள் பிரேக் கம்பி ஒன்றை எடுத்து, முனையை மழுங்க மடித்து டேப் சுற்றி, ரப்பரில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் விட்டு, கதவுப் பக்கத்திலிருந்து வண்டிக்குள் தள்ளுங்கள். கம்பி உள்ளே வந்ததும் அதன் முனையில் ஸ்பீக்கர் வயரை டேப்பால் ஒட்டி கதவுப் பக்கமிருந்து இழுத்துக்கொள்ளலாம். ஒட்டும்போது முடிச்சு மாதிரி குண்டாக வராமல் சாய்வாக ஒட்டினால் சிக்காது.

சில கார்களில் அங்கே ஓட்டைக்குப் பதில் பெரிய கப்ளர் ஒன்று தூணை அடைத்துக்கொண்டு நிற்கும். அதில் உலோக ஊசி சொருகாத காலி இடங்கள் இருந்தால் அந்தக் கப்ளருக்கான டெர்மினல் ஊசி வாங்கி இரண்டு பக்கமும் சொருகலாம். கிடைக்கவில்லை என்றால் கப்ளரின் காலி மூலையில் மெல்லிய ட்ரில் போட்டு வயரை விடுகிறவர்கள் உண்டு, உள்ளே எந்த ஊசி எங்கே இருக்கிறது என்று கப்ளரைக் கழற்றிப் பார்க்காமல் அதைச் செய்யக் கூடாது. இது பயமாக இருந்தால் இந்த இடத்துக்கு மட்டும் ஒரு கார் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. கதவு இடுக்கு வழியாக வயரை வெளியே விட்டு ரப்பர் பீடிங்குக்கு நடுவே நசுக்கிக் கொண்டுபோவது மட்டும் வேண்டாம். மழைத் தண்ணீருக்கு அதுவே வழி, கதவு சாத்திச் சாத்தி ஒரு நாள் இன்சுலேஷன் அறுந்து பாடியில் ஷார்ட் ஆகும்.

கதவுக்குள் வந்த வயரைக் கண்ணாடி ஏறி இறங்குகிற தண்டவாளத்துக்குத் தூரமாக, கம்பெனி வயரோடு சேர்த்துத் துணி டேப்பில் கட்டுங்கள். ஸ்பீக்கர் முனைக்குச் சற்று முன்னால் வயர் கீழே இறங்கி மறுபடி மேலே ஏறுகிற மாதிரி விட்டால் தண்ணீர் வழிந்து டெர்மினலுக்கு வராமல் நடுவிலேயே சொட்டிவிடும். ரப்பர் குழாய்க்குள் வயர் விறைப்பாக நிற்காமல் கொஞ்சம் தளர்வு இருக்கட்டும். கதவை முழுக்கத் திறந்து, மூடி, நாலைந்து தடவை பாருங்கள்.

இரண்டு பக்க வயரும் ஒரே கலர் என்பதால் செட் பக்க முனையில் பேப்பர் டேப் ஒட்டி "பின் இடது", "பின் வலது" என்று இப்போதே எழுதிவிடுங்கள்.

இணைப்பு

வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது நம் வெயிலுக்கு ஆகாது, பூட்டி நிறுத்தின வண்டிக்குள் அடிக்கிற சூட்டில் டேப்பின் பசை உருகி வழுக்கிக்கொண்டு வந்துவிடும். சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள், அல்லது சரியான கிரிம்பிங் டூல் இருந்தால் கிரிம்ப் செய்யுங்கள் (உலோகக் குழாய்க்குள் வயரை விட்டு அழுத்திப் பிடிப்பது). சால்டர் வைக்கப் போகிறீர்கள் என்றால் ஹீட் ஷ்ரிங்க் குழாயை முதலில் வயருக்குள் விட்டுவிட்டு அப்புறம் சால்டரிங் அயனைத் தொடுங்கள். பச்சை ஜோடி பின் இடதுக்கு, ஊதா ஜோடி பின் வலதுக்கு. செட்டுக்குப் பின்னால் வயர் கட்டு பிளாஸ்டிக்கில் இடித்து கடகடவென்று சத்தம் போடாமல் இருக்க முழுக்கத் துணி டேப் சுற்றுங்கள்.

ஸ்பீக்கரில் எது பிளஸ் என்பதற்கு டெர்மினல் பக்கத்தில் குறியோ சிவப்புப் புள்ளியோ இருக்கும், பொதுவாக அகலமான தகடு பிளஸ். அழிந்துபோயிருந்தால், வயர் மாட்டாத ஸ்பீக்கரில் 1.5 வோல்ட் பென்டார்ச் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். காகிதக் கூம்பு வெளியே வந்தால் பேட்டரியின் பிளஸ் தொட்ட டெர்மினல்தான் ஸ்பீக்கரின் பிளஸ், உள்ளே போனால் மாறியிருக்கிறது. இழுத்து முடித்த வயரையும் இப்படிச் சோதிக்கலாம்: செட்டில் இணைப்பதற்கு முன்னால் டேஷ்போர்டு முனையில் பேட்டரியைத் தொட்டால் பின் கதவு ஸ்பீக்கர் "டப்" என்று குதிக்கும். அதே முனையில் மல்டிமீட்டரை ஓமில் வைத்தால் 3.2 முதல் 4 வரை ஏதாவது காட்ட வேண்டும். பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் காட்டினால் எங்கோ ஷார்ட், ஒன்றுமே காட்டவில்லை என்றால் எங்கோ விட்டிருக்கிறது. ஒவ்வொரு முனைக்கும் பாடிக்கும் நடுவேயும் வைத்துப் பாருங்கள், அங்கே எதுவுமே காட்டக் கூடாது. இந்தச் சோதனையை முடிக்காமல் செட்டில் கப்ளரை மாட்டாதீர்கள்.

ஸ்பீக்கரை மாட்டும்போது தகரத்துக்கும் ரிங்குக்கும் நடுவே ஃபோம் பட்டை ஒட்டுங்கள், காற்று புகுந்தால் பேஸ் போய்விடும். கதவைத் திறந்து வைத்திருக்கிற இந்த நேரத்தில் கொஞ்சம் காசு மிச்சமிருந்தால், ஃபாயில் ஒட்டின பியூட்டைல் டேம்பிங் ஷீட்டை (தகரத்தின் அதிர்வைக் குறைக்கிற ரப்பர் மாதிரி ஷீட்) வெளித் தகரத்தின் உள்பக்கம் ஒட்டுங்கள். என்னைக் கேட்டால் பேஸ் வேண்டும் என்பவர்கள் பின்னால் ஸ்பீக்கர் போடுவதற்கு முன்னால் முன் கதவு இரண்டுக்கும் இதைச் செய்ய வேண்டும், கையால் தட்டினால் டின் மாதிரி அதிர்கிற கதவில் எந்த ஸ்பீக்கரும் நன்றாகப் பாடாது. கீழே தண்ணீர் வடிகிற ஓட்டைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

பேடை மூடுவதற்கு முன்

பேட்டரியை மாட்டி, வால்யூமைக் குறைவாக வைத்து, ஃபேடரை முழுக்கப் பின்னுக்குத் தள்ளுங்கள். பேலன்ஸை இடது, வலது என்று மாற்றி, சொன்ன பக்கம்தான் பாடுகிறதா என்று பாருங்கள். பிறகு பேலன்ஸை நடுவில் வைத்து, குரல் நடுவில் வருகிற ஏதாவது பாட்டைப் போட்டுப் பின் சீட்டின் நடுவே உட்காருங்கள். குரல் நடுவில் நிற்காமல் தலையைச் சுற்றி எங்கோ அலைந்தாலோ பேஸ் வெறுமையாக இருந்தாலோ ஒரு பக்கம் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. கண்ணாடியையும் முழுக்க ஏற்றி இறக்கிப் பாருங்கள். எல்லாம் சரியென்றால் பேடை மூடலாம், உடைந்த கிளிப்புக்குப் பதில் புதுசு போடுங்கள், இல்லையென்றால் அந்த இடம் பேஸுக்கு அதிரும்.

ஓட்டுகிறவருக்குப் பாட்டு முன்னாலிருந்து வர வேண்டும், பின் ஸ்பீக்கர் நிரப்பத்தான். ஃபேடரை இரண்டு மூன்று புள்ளி முன்பக்கம் வைத்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

சாவியை எடுத்த பிறகும் செட் அணையவில்லை, காலையில் பேட்டரி இறங்கியிருக்கிறது என்றால் சிவப்பு வயர் சாவிக் கரன்ட்டுக்குப் போகாமல் மஞ்சளோடு சேர்ந்திருக்கும். பேட்டரி எடுக்கும்போதெல்லாம் நினைவில் வைத்த ஸ்டேஷன் அழிந்துபோவது சகஜம், ஆனால் ஒவ்வொரு தடவை சாவி எடுக்கும்போதும் அழிந்தால் மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கிறது.

நான்குக்கு மேல் போக வேண்டுமென்றால்

ஐந்தாவது, ஆறாவது ஸ்பீக்கர், பேஸுக்கு மட்டுமான சப்வூஃபர் என்று ஆசை வந்தால் செட்டில் இனி இடமில்லை, தனி ஆம்ப்ளிஃபயர்தான். அதற்குக் கரன்ட்டைச் செட்டின் மஞ்சள் வயரிலிருந்து எடுக்கக் கூடாது, பேட்டரி பிளஸ்ஸிலிருந்து நேராகத் தடித்த வயர் வர வேண்டும், பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஒரு ஃபியூஸ் இருக்க வேண்டும். அந்த ஃபியூஸ் ஆம்பைக் காப்பாற்ற இல்லை, வயர் எங்காவது உரசிப் பாடியில் பட்டால் வண்டி தீப்பிடிக்காமல் இருக்க. சேனலுக்கு 50 ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய) வாட்ஸ் கொடுக்கும் நான்கு சேனல் ஆம்ப், ஏபி கிளாஸ் என்றால், பாதி பவர் சூடாகவே போய்விடும், 400 வாட்ஸ் இழுக்கும், 13.8 வோல்ட்டால் வகுத்தால் 29 ஆம்பியர். 30 ஆம்பியர் ஃபியூஸும் 8 கேஜ் வயரும் போடலாம். சூடு குறைவான டி கிளாஸ் ஆம்ப் இதில் முக்கால் பங்குகூட இழுக்காது. எர்த்தை அரை மீட்டருக்குள், பெயின்ட்டைச் சுரண்டின வெறும் தகரத்தில் போல்ட் போட்டுப் பிடியுங்கள். பவர் வயர் ஒரு பக்கப் படி வழியாகவும் செட்டிலிருந்து பாட்டை ஆம்புக்குக் கொண்டுபோகிற ஆர்சிஏ சிக்னல் வயர் மறு பக்கப் படி வழியாகவும் போகட்டும். ஆக்ஸிலரேட்டர் மிதிக்க மிதிக்க "ங்ஙீ" என்று சத்தம் ஏறி இறங்கினால் முதலில் பார்க்க வேண்டியது அந்த எர்த்தைத்தான். கம்பெனி செட்டில் ஆர்சிஏ இல்லை என்றால் ஸ்பீக்கர் வயரையே வாங்கிக்கொள்கிற ஹை லெவல் இன்புட் இருக்கிற ஆம்பாகக் கேட்டு வாங்குங்கள்.

எஞ்சின் பக்கம் போகிற வயருக்கு மட்டும் சுருள் பிளாஸ்டிக் ஸ்லீவ் கட்டாயம் போடுங்கள், எலி முதலில் கடிப்பது புது வயரைத்தான் என்பது வண்டியைத் தெருவில் நிறுத்துகிறவர்களுக்குத் தெரியும். கழற்றின கம்பெனி ஸ்பீக்கர், ஸ்க்ரூ, கப்ளர் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். வண்டியை விற்கும்போது ஒரு மணி நேரத்தில் பழையபடி மாட்டிக் கொடுத்துவிட்டு உங்கள் ஸ்பீக்கரை அடுத்த வண்டிக்கு எடுத்துக்கொள்ளலாம்.